கலப்பு இல்லை

இன்னும் நாற்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. தீவின் சிற்றாலய மணி நண்பகலை அடித்து ஓய்ந்ததும் பியாசியோ அதை மனதுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொண்டார். இன்று அரை நாள், நாளை முழு நாள், நாளை மறுநாள் காலை ஆறு மணிக்குப் படித்துறைக் கதவு திறக்கும். இருபத்துமூன்று வருடமாக இங்கே காவல் வேலை பார்ப்பவர் அவர். மணிக்கணக்குப் பார்ப்பது புதியவர்களின் வியாதி என்று மற்றக் காவலர்களைக் கேலி செய்தவர். இந்த முறை மட்டும் பத்தாம் நாளிலிருந்தே எண்ணத் தொடங்கிவிட்டார்.

தெற்கு முற்றத்தில் பஞ்சுப் பொதிகள் இரண்டு வரிசையாக வாய் பிளந்து கிடந்தன. அலெப்போவிலிருந்து வந்த பஞ்சு. கீழைக் கடலிலிருந்து வரும் எந்தச் சரக்கும், எந்த மனிதனும், வெனிஸ் நகரத்துக்குள் கால் வைப்பதற்கு முன்னால் காயல் நடுவே உள்ள இந்தத் தீவில் நாற்பது நாள் கிடந்தாக வேண்டும். ஊரில் இதை ‘நாற்பது’ என்றே சொல்வார்கள். அவன் எங்கே என்று கேட்டால் நாற்பதில் இருக்கிறான் என்பார்கள். நான்கு சுமைக்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, பொதிக்குள் தோள்வரை கையை நுழைத்துப் பஞ்சைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் இரண்டு தடவை இப்படிப் புரட்ட வேண்டும். பஞ்சுக்குக் காற்றுப் படுவதற்காக என்று விதியில் எழுதியிருக்கிறது. உள்ளே கொள்ளைநோய் ஒளிந்திருந்தால் வெறும் கைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும் என்பது எழுதாத காரணம். சுமைக்காரர்களுக்கும் அது தெரியும். தெரிந்துதான் வருகிறார்கள். மலை ஊர்களில் அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

அவர்களோடு காவலரும் நாற்பது நாள் உள்ளேயே இருக்க வேண்டும். பியாசியோ காவல் காத்தது பஞ்சை அல்ல, இடைவெளியை. வேறொரு கப்பலின் ஆளையோ, துணியையோ, மயிரையோ, இறகையோ இந்த முற்றத்து ஆள் தொட்டுவிட்டால் அதற்குப் பெயர் கலப்பு. மரத்திலும் இரும்பிலும் நோய் ஏறாது. நூலிலும் தோலிலும் ஏறும். பார்வையில் கலப்பில்லை, குரலில் கலப்பில்லை. தொட்டால் உண்டு. கலப்பு நேர்ந்தால் தொட்டவனுக்கும், அதற்குப் பிறகு அவனோடு ஒரே பாத்திரத்தில் குடித்தவனுக்கும், ஒரே அறையில் படுத்தவனுக்கும் நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் சுவர் தாண்டி வந்து ஒருவன் மடியில் படுத்த ஒரு பூனைக்காகப் பதினெட்டுப் பேரைத் திரும்பவும் முதல் நாளில் உட்கார வைத்தவர் பியாசியோ. அதில் ஒருவனுக்குக் கல்யாணம் நின்றுபோயிற்று. அதிலிருந்து சுமைக்காரர்கள் அவருக்குப் பூனைக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று காலை ரொட்டிப் படகு வந்திருந்தது. படகுக்காரன் ஜாகோ வழக்கம்போலப் பத்தடி தள்ளி நின்று, கூடையை நீண்ட கழியில் மாட்டிப் படியில் இறக்கினான். பிறகு வீட்டுச் செய்தியைக் கத்திச் சொன்னான். அவர் மனைவி ஸனெத்தாவுக்குக் கால் வீக்கம் வயிற்றுக்கு ஏறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறாள். கல்லறைத் திருநாளைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கல்லறைத் திருநாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஜாகோ துடுப்பைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, கடைசியாக ஒன்று சொன்னான்.

“அவ சொல்லச் சொன்னா அண்ணே. உன் முகத்தப் பாத்து நாலு திட்டு திட்டிட்டுத்தான் சாவாளாம். அதனால ஒண்ணும் ஓடி வர வேண்டாமாம், நடந்தே வரலாமாம்.”

பியாசியோ சிரித்தார். ஜாகோ போனபிறகும் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தார்.

வடக்கு முற்றத்தில் எட்டு நாளாக ஸ்மிர்னாவிலிருந்து வந்த கப்பலின் ஆட்கள் இருந்தார்கள். வரும் வழியிலேயே செத்துப்போன இரண்டு மாலுமிகளைக் கடலில் இறக்கிவிட்டு வந்த கப்பல் அது. அங்கே காவல் தீத்தா என்கிற மனிதர். இரண்டு முற்றத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் சுவரை ஒட்டிக் கம்பளிப் பொதிகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றின் மேல் ஏறி நின்றுகொண்டு ஒரு கிரேக்க வியாபாரியின் மகள், நான்கு வயது இருக்கும், தினமும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். ஃப்ரோஸோ, ஃப்ரோஸோ என்று தாய் உள்ளேயிருந்து கூப்பிடும் சத்தம் கேட்கும். சுமைக்காரர்களில் போர்தொலோ என்பவனுக்கு ஊரில் மூன்று பிள்ளைகள். பஞ்சுக்குள் கையை விட்டபடியே, யாரும் பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சேவல் போலக் கூவுவான். அவள் சேவலைத் தேடுவாள். பொதிக்குப் பின்னால், மரத்தின் மேல், பியாசியோவின் தொப்பிக்குள். பியாசியோ இரண்டு தடவை அவனை அதட்டிப் பார்த்தார். குரலில் கலப்பில்லையே அண்ணே என்றான். விதி அதுதான் என்பதால் அவரால் மேலே பேச முடியவில்லை.

மணி அடித்து ஓய்ந்த சற்று நேரத்தில் போர்தொலோ கூவினான். பியாசியோ சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். தலைக்கு மேல் சுண்ணாம்பு உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தார். குழந்தை ஒரு முழங்காலைச் சுவர்மேல் வைத்திருந்தாள். அடுத்த முழங்காலையும் வைத்தாள். சேவலைத் தேடி இந்தப் பக்கமாகக் குனிந்தாள். கீழே கருங்கல் தளம்.

அவருடைய கை அவரைக் கேட்கவில்லை. காவல் கம்பு எங்கோ விழுந்து உருண்டது. குழந்தை அவர் மார்பில் மோதி, இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உலர்ந்த அத்திப்பழம் தின்ற கை, பிசுபிசுவென்று இருந்தது. கன்னம் அவர் தாடைக்குக் கீழே பதிந்திருந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு அவர் அவளைத் தலைக்கு மேலே தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பளிப் பொதியின் மேல் வைத்துவிட்டார். அவள் அழவில்லை. அவரை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அந்த முற்றத்தில் யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம்.

அந்த இரண்டு மூச்சில் அவர் தெரிந்துகொண்டது ஒன்று இருந்தது. அதை அப்போதே மனதின் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார். தனக்குத் தானேகூட அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தீவில் யாருக்கும் தெரியாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இரண்டு கையையும் உயர்த்திக் கலப்பு என்று மூன்று தடவை கத்த வேண்டும். அதிகாரி வருவார். வடக்கு முற்றத்துக் கதவைத் திறந்து அவரை மட்டும் அந்தப் பக்கம் அனுப்புவார்கள். மற்ற ஐந்து பேருக்கும், அதாவது நான்கு சுமைக்காரர்களுக்கும் பஞ்சுக்குச் சொந்தக்காரரான கலெயாட்ஸோவுக்கும், ஒன்றும் ஆகாது. அவருக்கு மட்டும் நாற்பது நாள், ஸ்மிர்னா ஆட்களில் யாராவது நோயில் விழுந்தால் அதற்கு மேலும். வாயைத் திறந்தார். பன்னிரண்டு நாள் என்று ஓர் எண் குறுக்கே வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

திரும்பினார். மூன்று சுமைக்காரர்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக் குனிந்திருந்தார்கள். போர்தொலோ மட்டும் தோள்வரை பஞ்சுக்குள் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பியாசியோ கம்பை எடுத்துக்கொண்டு அவனிடம் போனார். மூன்று எட்டுத் தள்ளி நின்றார்.

“என்ன பாத்தே?”

“கண்ணுல பஞ்சு விழுந்துருச்சு அண்ணே” என்றான் போர்தொலோ. “ஒண்ணும் தெரியல.”

சிரிப்பதுபோல் வாயை இழுத்தான். ஆனால் கையைப் பொதியிலிருந்து எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, மலைக் கணவாயில் இன்னும் இருபது நாளில் பனி மூடிவிடும் என்றும், அதற்குள் போகாவிட்டால் பங்குனி வரைக்கும் வீட்டைப் பார்க்க முடியாது என்றும், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். கூவியது அவன்தான் என்பதை இருவருமே பேசவில்லை.

பியாசியோ புட்டிப் புளிக்காடி முழுவதையும் கையில் கொட்டிக் கழுவினார். கழுத்தையும் கழுவினார். நாணயங்களையும் கடிதங்களையும் நனைத்து எடுக்கும் அதே காடிதான். நகக்கண்ணில் ஒரு வெட்டுக்காயம் இருந்து எரிந்தது. எரிச்சல் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கலெயாட்ஸோ உற்சாகமாக இருந்தார். நாளை மறுநாள் பஞ்சு கரையேறும், விலை இறங்குவதற்குள் விற்றுவிடலாம் என்று நல்ல ஒயின் ஒரு குடுவை வரவழைத்திருந்தார். வழக்கம்போல ஒரே குடுவை, கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் பியாசியோ எண்ணியிருந்தார். ஆனால் இருபத்துமூன்று வருடத்தில் அவர் ஒயினை வேண்டாம் என்று சொன்னதில்லை. ஏன் என்று கேட்பார்கள். முதல் பொய்க்கு முட்டுக்கொடுக்க இரண்டாவது பொய் தேவைப்படும். குடித்துவிட்டு அடுத்தவனிடம் நீட்டினார். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு குடித்தான். அடுத்த இருவரும் குடித்தார்கள். கலெயாட்ஸோ குடித்தார். மதியம் கலப்பில் அவர் ஒருவர் மட்டும் இருந்த இடத்தில் இப்போது ஐந்து பேர் இருந்தார்கள்.

போர்தொலோவின் முறை வந்தபோது அவன் குடுவையை வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்றான். மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். மலைக்காரன் ஒயினை வேண்டாம் என்றால் உலகம் முடியப் போகிறது என்று ஒருவன் சொன்னான். படுக்கும்போது அவன் தன் வைக்கோல் பாயை வழக்கமான இடத்திலிருந்து எடுத்துக் கதவோரமாகக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டான். பியாசியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னவன் அவன்தான். அவனுடைய உடம்பு எல்லாவற்றையும் பார்த்திருந்தது.

மறுநாள் காலையில் குழந்தை எட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் கை கழுவப் போயிருந்த நேரத்தில் போர்தொலோ தணிந்த குரலில் ஒருமுறை கூவினான். பதில் இல்லை. பியாசியோ சுவருக்குப் பக்கத்தில் போய், கம்பால் சுவரைத் தட்டித் தீத்தாவைக் கூப்பிட்டார். குரலை எப்போதும்போல வைத்துக்கொள்ளப் பார்த்தார். என்ன, உங்கள் பக்கம் இன்று அமைதியாக இருக்கிறதே என்று கேட்டார்.

“சின்னதுக்கு உடம்பு சரியில்ல” என்றார் தீத்தா சுவருக்கு அப்பாலிருந்து. “நேத்து ராத்திரியிலேர்ந்து காய்ச்சல். ஆத்தாக்காரி பல்லு முளைக்குதுங்கறா. நாலு வயசுல என்னய்யா பல்லு?”

வைத்தியர் வந்துவிட்டுப் போனதாகவும் அவரே சொன்னார். இரண்டு வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு, குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி அக்குளைப் பார்த்தாராம். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்று நாள் போகட்டும் என்றாராம். மூன்று நாள். பியாசியோ சுவரில் கை வைக்கப் போனவர் எடுத்துக்கொண்டார்.

பத்து வருடத்துக்கு முன்னால் மெஸ்ஸினா துறைமுகத்துக்கு நோயோடு ஒரே ஒரு கப்பல்தான் போனது. அதன் தலைவன் சுகமாகத்தான் வருகிறோம் என்று சொன்னான். அந்தக் கோடையில் ஊரில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போயிற்று. தீவில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு காவலனுக்கும் பியாசியோ இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அந்தத் தலைவனை ஓர் அரக்கனாகத்தான் நினைத்திருந்தார். அவனுக்கும் ஊரில் யாராவது காத்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று இன்றுதான் தோன்றியது.

ரொட்டிப் படகு வந்தபோது ஜாகோவின் முகம் விசேஷமாக இருந்தது. ஸனெத்தா நாளைக் காலையில் தானே வருகிறாளாம். நாற்காலியோடு தூக்கிவந்து படகில் வைப்பதற்கு நான்கு பேரிடம் பேசி முடித்துவிட்டாள். வேண்டாம் என்று தங்கை அழுதும் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்தில் படகில் உட்கார்ந்து காத்திருந்தால் அரை மணி மிச்சம் என்றாளாம்.

வர வேண்டாம் என்று சொல்லு எனச் சொல்லப் பியாசியோ வாயைத் திறந்தார். பனிமூட்டம், குளிர், மூச்சுத் திணறும் என்று சொல்லக் காரணம் எத்தனையோ இருந்தன. அவளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்குள் வேறெதுவும் இல்லை.

“கனமான போர்வையாப் பாத்துப் போத்திக் கூட்டிட்டு வா” என்றார்.

மத்தியானம் பொதிகளைக் கட்டும் வேலை நடந்தது. கட்டப்பட்ட பொதிகளுக்குப் பின்னால் போர்தொலோ அவரிடம் வந்தான். இப்போது அவனும் மூன்று எட்டுத் தள்ளித்தான் நின்றான். சற்று நேரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

“நீ பிடிக்காம விட்டிருந்தா மண்டை செதறியிருக்கும். அது பாவமில்ல அண்ணே.”

“பாவம்னு நான் சொல்லல.”

“காய்ச்சல் ராத்திரிதானே வந்துச்சு? நீ தூக்கினது மத்தியானம். மத்தியானம் நல்லாத்தானே இருந்துச்சு புள்ள?”

பியாசியோ பொதிகளின் பக்கம் திரும்பினார். போர்தொலோ அவர் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் அதையே கேட்டான், நல்லாத்தானே இருந்துச்சு என்று. இந்தத் தடவை அவன் குரலில் கேள்வியைவிடக் கெஞ்சல் அதிகமாக இருந்தது. அவர் குனிந்து ஒரு பொதியின் முடிச்சைச் சரிபார்த்தார். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த முடிச்சு. அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது சொன்னால் ஆறு பேர். போர்தொலோ பனிக்கு முன்னால் வீடு போக மாட்டான். கலெயாட்ஸோவின் பஞ்சு இன்னும் நாற்பது நாள் இங்கே கிடக்கும். சொல்லாமல் மறைத்ததற்கு அதிகாரி அவரைக் கட்டி நகரத்துக்கு அனுப்பினால், சதுக்கத்து இரண்டு தூண்களுக்கு நடுவே தூக்கில் தொங்க விடுவார்கள். ஒரு மூச்சு நேரத்தில் சொல்லியிருந்தால் அவரோடு முடிந்திருக்கும். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் இதன் எடை ஏறிக்கொண்டே போயிற்று. நாளைக்குக் கரையேறிவிட்டால் ஜாகோ, நாற்காலி தூக்கும் நான்கு பேர், ஸனெத்தாவின் தங்கை, தங்கையின் குழந்தைகள். பிறகு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். இல்லாமலும் இருக்கலாம். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வராதா என்ன. வெயில், கிணற்றுத் தண்ணீர், இடம் மாறியது, எதுவாகவும் இருக்கலாம். அப்படி நினைக்கும்போதெல்லாம் மூலைக்குத் தள்ளி வைத்திருந்த அந்த ஒன்று அங்கிருந்தபடியே அவரைப் பார்த்தது.

கடைசி நாள் விடியலில் காயல் முழுக்க மூடுபனி. ஆறு பேரும் இடுப்புக்கு மேல் துணியில்லாமல் வேலிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். இரண்டு வேலிக்கு அப்பால் தீவின் அதிகாரியும் வைத்தியரும். கறுத்த மெழுகுத்துணி அங்கி போட்டிருந்தார்கள். வைத்தியர் கையைக் காட்டியதும் ஒவ்வொருவரும் தன் இரண்டு அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ளங்கையால் பலமாக அறைந்துகொள்ள வேண்டும். கட்டி இருந்தால் வலியில் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பியாசியோ எல்லோரையும்விட ஓங்கி அறைந்துகொண்டார். வலி இல்லை. வைத்தியர் தலையசைத்தார்.

பிறகு அதிகாரி கேட்டார். அவர் வயதில் சின்னவர், பியாசியோவின் மேல் மரியாதை உள்ளவர். வருடத்துக்கு நான்கைந்து தடவை கேட்கும் கேள்விதான்.

“இந்த நாப்பது நாள்ல உங்க முற்றத்துல கலப்பு உண்டா?”

பியாசியோவின் வலது பக்கத்தில் போர்தொலோ நின்றிருந்தான். அவன் மூச்சு விடுவது நின்றுபோனது அவருக்குக் கேட்டது.

“கலப்பு இல்லை ஐயா.”

அவ்வளவுதான். அதிகாரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். உங்கள் முற்றத்தில் எப்படி இருக்கும் என்று புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்க்காமல் பியாசியோ சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் துளை கைக்கு அகப்படவில்லை. கலெயாட்ஸோ சுமைக்காரர்களின் முதுகில் தட்டிக்கொடுத்தார். யாரோ பாட ஆரம்பித்தார்கள். போர்தொலோ பாடவில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

படித்துறைக் கதவு திறந்தது. காவலர்தான் முதலில் இறங்க வேண்டும். அவருடைய வீட்டு ஆள் ஒருவர் படகிலிருந்து கை நீட்டி அவர் கையைப் பிடித்துப் படகுக்குள் வாங்கிக்கொள்வார். அதிகாரி அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். அந்தத் தொடுதலோடுதான் நாற்பது முடியும். எழுதி வைக்காத வழக்கம்தான். ஆனால் எழுதிய எதையும்விட அதை எல்லோரும் கவனமாகப் பார்ப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஸனெத்தாதான் வந்திருக்கிறாள். ஒரு தடவை நிறைமாதக் கர்ப்பிணியாக, ஒரு தடவை அந்தப் பிள்ளையைப் புதைத்து ஒன்பதாம் நாள்.

பனிக்குள்ளிருந்து படகு வந்தது. முதலில் நாற்காலியின் முதுகு தெரிந்தது. பிறகு போர்வைகள், அவற்றுக்கு மேல் அவளுடைய முகம். நாற்பது நாளில் அந்த முகம் மெலிந்தும் வீங்கியும் போயிருந்தது. எது வீக்கம், எது அவள் என்று கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கண்கள் மட்டும் மாறவில்லை. அவர் சட்டையின் பொத்தான் தப்பான துளையில் இருப்பதை அவை அதற்குள் கண்டுபிடித்துவிட்டன.

ஜாகோ படகின் விலாவைப் படியோடு அணைத்தான். பியாசியோ கடைசிப் படியில் நின்றார். தண்ணீர் அவர் செருப்பை நனைத்தது. பின்னால் படிகளின் மேலே ஐந்து பேரும், வாசலில் அதிகாரியும் காத்திருந்தார்கள்.

ஸனெத்தா போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். அதை எடுப்பதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. விரல்கள் பருத்து, மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. அதை அவர் பக்கமாக நீட்டினாள்.

“என்னய்யா, கல்லு மாதிரி நிக்கிற? நாப்பது நாளு பத்தலையா? கையக் குடு.”

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“நாலு ஆள வச்சு இவ்வளவு கனத்தத் தூக்கிட்டு வந்திருக்கேன். ரொம்ப நேரம் கை நீட்ட முடியாது எனக்கு.”

அவருடைய வலது கை தானாக மேலே வந்தது. இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அவளுடைய விரல்நுனிக்கும் அவருடைய விரல்நுனிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவளுடைய உள்ளங்கையின் சூடு அவருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. சேர்ந்திருக்க முடியாது. அவருக்கு நினைவு வந்தது வேறொரு சூடு.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டார். ஒரு படி மேலே ஏறினார்.

“தொடாத” என்றார்.

ஸனெத்தா சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் பேசும்போது அவளைத்தான் பார்த்தார். ஆனால் வாசல்வரைக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினார்.

“வடக்கு முற்றத்துப் புள்ள சொவத்துலேர்ந்து விழுந்துச்சு. முந்தாநாள் மத்தியானம். நான்தான் பிடிச்சேன், இந்த ரெண்டு கையால.” மேலே யாரோ மூட்டையைக் கீழே போட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. “காய்ச்சல் ராத்திரிதான் வந்துச்சுன்னு சொல்றாங்க. இல்ல ஸனெத்தா. நான் தூக்கினப்பவே அதுக்கு உடம்பு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு.”

ஜாகோ துடுப்பைப் படியில் ஊன்றி உந்தினான். படகுக்கும் படிக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போயிற்று. அவள் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.